ஐப்பசி மழை முதல் தைப் பனி வரை: கொங்கு நாட்டில் வேலைக்குச் சைக்கிளில் போவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு சமவெளியில் குளிர்காலம் என்றால் குளிர் பெரிய விஷயமே இல்லை. மார்கழி விடியலில் பெரும்பாலும் 17, 18 டிகிரிதான் இருக்கும். மிதிக்க ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உடம்பு தானாகச் சூடேறிவிடும். சிரமம் இருப்பது வேறு மூன்று இடத்தில்: ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் பிடித்துக்கொள்ளும் மழை, மார்கழி, தையில் காலை இருட்டும் பனிமூட்டமும், தை பிறந்ததும் ரோட்டுக்கு வந்துவிடும் வெள்ளாமை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் வேலையாகப் போய் ஜாக்கெட் வாங்குகிறார்கள். கையில் இருக்கும் காசை முதலில் பிரேக்குக்கும் லைட்டுக்கும் போடுங்கள். ஜாக்கெட் கடைசி.

புரட்டாசி முடிவதற்குள் சைக்கிளைத் தயார் செய்துவிட வேண்டும். முதல் மழை வந்தபின் சைக்கிள் கடையில் கூட்டம் நிற்கும், அவசரத்தில் வேலையும் சரியாக நடக்காது.

எந்தச் சைக்கிள்?

புதிது வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கிறது. ஒருவழி 6, 8 கி.மீ. சமதரைப் பயணத்துக்கு அது தாராளமாகப் போதும். மழைக்காலத்துக்கு அதுதான் மேல் என்றுகூடச் சொல்லலாம்: கியர் இல்லாததால் சேறு அடைக்க இடமில்லை, முழு நீள மட்கார்டு உண்டு, பலதில் செயின் கவரும் உண்டு.

எடுத்து ஓட்டும் முன் நான்கைந்து விஷயம் பாருங்கள். டயரின் பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி விரியுங்கள்; வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் டயரை மாற்றியாக வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால், ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குழலில்) அச்சைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டான கோன் தளர்ந்திருக்கிறது. பெடல் கிராங்கையும் அதேபோல் ஆட்டிப் பாருங்கள். ஃபோர்க் தலை திருப்பும்போது நறநறவென்றால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. வருஷக்கணக்காக நின்ற சைக்கிளில் கிரீஸ் மெழுகாகிப்போயிருக்கும். ஒருமுறை முழுவதும் கழற்றி ஓவராயில் செய்துவிடுவது நல்லது.

கியர் சைக்கிள், எம்.டி.பி. (தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு மட்கார்டுதான் குறை. சீட் தண்டில் மாட்டும் குட்டை மட்கார்டு முதுகை மட்டும் காப்பாற்றும். பாதமும் செயினும் நனைந்துகொண்டேதான் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி வரும் முழு நீள மட்கார்டு மாட்டுங்கள். முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் மடிப்பு தொங்க வேண்டும், தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் வரை. பழைய லாரி டியூபில் வெட்டி, இரண்டு சின்ன போல்ட் போட்டு நீங்களே மாட்டிவிடலாம். செருப்பும் பேன்ட் காலும் நனையாமல் வீடு சேர்வது இந்த ஒரு துண்டு ரப்பரால்தான்.

ஈரத்தில் பிரேக்

இதை அவசரமில்லாமல் படியுங்கள். சாதா சைக்கிளின் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. அந்த வழவழப்பில் தண்ணீர் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டால், பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த ரோட்டில் நிற்கும் தூரத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு தள்ளிப்போய் நின்றாலும் ஆச்சரியமில்லை. மணிக்கு 18 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினிய ரிம் இதைவிட எவ்வளவோ தேவலை. டிஸ்க் பிரேக்குக்கு மழை பெரிதாக உறைக்காது.

இரும்பு ரிம்மை மாற்ற முடியாது என்றாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் கட்டையை விரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் விழாவிட்டால் ரப்பர் இறுகிவிட்டது, நான்கையும் மாற்றுங்கள். ரப்பர் நன்றாக இருந்து மேல்பரப்பு மட்டும் பளபளவென்று இருந்தால் 100, 120 நம்பர் உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேயுங்கள். அலுமினிய ரிம்மாக இருந்தால் கட்டையில் பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துணுக்கையும் குண்டூசியால் நோண்டி எடுங்கள். விட்டுவைத்தால் அவை ரிம்மை அராவிவிடும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ. கம்பிப் பிரேக்கில் இணைப்பு நட்டைத் தளர்த்தி, கம்பியை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்யலாம். ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு தெறித்தாலே பிரேக் போய்விடும்.

ஓட்டும்போது பழக்க வேண்டியது இது: நிற்கப்போகும் இடத்துக்கு 20, 30 மீட்டர் முன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டபடி வாருங்கள். சக்கரம் சில சுற்றுச் சுற்றுவதற்குள் கட்டையே ரிம்மைத் துடைத்துவிடும். பிறகு அழுத்தினால் பிடிக்கும். துடைக்காமல் திடீரென்று அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, நீங்கள் பயந்து இன்னும் இறுக்குவீர்கள், அதற்குள் ரிம் துடைபட்டு ஒரேயடியாகப் பிடித்துச் சக்கரம் வழுக்கும். ஈரத்தில் விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பின் பிரேக் மட்டும் பிடித்தால் பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடாதீர்கள். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள்.

டயரும் காற்றும்

700x35 அளவு ஹைபிரிட் டயரில் சாதாரணமாக 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைப்பவர், மழை நாளில் 50, 55-ஆகக் குறைக்கலாம். எம்.டி.பி.யின் 26x1.95 டயருக்கு 40 போதும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும்.

மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவதற்குக் காரணம் உண்டு. ஈர ரப்பரைக் கண்ணாடியும் முள்ளும் சுலபமாக வெட்டும். ஈர டயர் அவற்றைத் தரையிலிருந்து ஒட்டிக்கொண்டும் வரும். காங்கேயம், தாராபுரம் பக்கம் இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள காட்டுப் பாதை) வழியாகக் குறுக்கே போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கிளுவை வேலியை வெட்டிக் கழித்த வாரத்தில் அந்தப் பாதை முழுக்க முள் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். இன்று பாதி ஏறிய முள் நாளைதான் டியூபைத் தொடும்.

நனைந்த டியூபில் சொல்யூஷன் பிடிக்காது. அதனால் மழை நாளில் வழியில் ஒட்டப் பார்க்காதீர்கள். முழு டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, கைப் பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். டியூபை மாற்றிவிட்டு வந்து, வீட்டில் காயவைத்து ஒட்டிக்கொள்ளலாம். டியூபை உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைக் கண்டுபிடித்து எடுக்க மறந்தால், புது டியூபும் போச்சு. சாதா சைக்கிள்காரர்கள் வால்டியூப் துண்டு இரண்டு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் என்று நினைக்கும் பாதி நேரம் வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர்தான் கிழிந்திருக்கும். வால்வு முனையில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அதுதான்.

கரிசல் காட்டுப் பாதையில் மழை பெய்த அன்றும் மறுநாளும் போகவே வேண்டாம். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் டயரில் ஏறி மட்கார்டுக்குள் அடைத்தால் சக்கரம் சுற்றாது, தோளில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும்.

செயினுக்கு என்ன எண்ணெய்?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்பதற்காகச் செயினுக்கு அதை விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் கட்டியாக நிற்பது செயின் ரோலருக்குள்ளும் கட்டியாகத்தான் நிற்கும். பிறகு தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். திருப்பூரில் சுலபமாகக் கிடைப்பது தையல் மெஷின் எண்ணெய். அது மிகவும் இளக்கம். பிரேக் ஒயர், லீவர் மூட்டுகளுக்கு அருமை, செயினில் விட்டால் ஒரே மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் உலோகப் பொடி கலந்திருக்கும், அது செயினைத் தின்றுவிடும். பைக் செயினுக்கு விற்கும் லூப் ஸ்பிரே, அல்லது புது 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில் ஒரு மூடி போதும்.

விடும் முறை: பனியன் வேஸ்ட்டை (பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை) மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்துச் செயினை இறுக்கிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை வேஸ்ட்டை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அரை மணி நேரம் காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிஷம் கழித்து வெளியில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். உள்ளே இருப்பதுதான் வேலை செய்கிறது. வெளியில் இருப்பது மண் பிடிக்கத்தான் உதவும். நன்றாக நனைந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மறுநாள் காலை செயின் செம்பழுப்பாக இருந்தால் எண்ணெய் போதவில்லை.

செயின் தேய்மானத்தை அடிக்கோலால் அளக்கலாம். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் பின்சக்கரப் பல்சக்கரமான ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றினால்தான் புதுச் செயின் வழுக்காமல் ஓடும்.

லைட்

கோவையில் நவம்பர் மூன்றாம் வாரம் சூரியன் மறைவது 6 மணிக்குச் சற்று முன்னால். ஜனவரி கடைசியில் உதிப்பது காலை 6.45 வாக்கில். 8.30 ஷிப்ட்டுக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர் முழு இருட்டில்தான் திரும்புவார். டைனமோவை நம்பாதீர்கள்: ஈர டயரில் அதன் தலை வழுக்கும், நிற்கும்போது அணைந்தும்விடும். யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் எல்.இ.டி. விளக்கு முன்னால் 200 முதல் 400 லூமன் போதும். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். கம்பெனிக்குப் போனதும் சார்ஜில் போடும் பழக்கம் வர வேண்டும்.

சாய்வைச் சரிபார்க்கச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், பிரகாசமான பகுதி சுவரில் முழங்கால் உயரத்தில் விழ வேண்டும். அப்போது ரோட்டில் சுமார் 10 மீட்டர் தள்ளி வெளிச்சம் விழும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசாது. பனிமூட்டத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். மேலே போகும் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பும்.

பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு: ஒன்று நின்று எரிய வேண்டும், ஒன்று மின்ன வேண்டும். மின்னுவது மட்டும் இருந்தால், பனிக்குள் பின்னால் வரும் லாரிக்காரரால் தூரத்தைக் கணிக்க முடியாது. கேரியரில் வைத்த பை விளக்கை மறைக்கிறதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். பைக் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் ஒளிரும் டேப்பைப் பெடல் ஓரத்திலும் கணுக்காலிலும் ஒட்டுங்கள். மேலும் கீழுமாக அசையும் ஒளியைக் கண்டால் அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

உடுப்பு, பை

கிளம்பும்போது இலேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வேர்த்து, அந்த வேர்வை குளிர்ந்து நடுக்கும். பருத்தி பனியனுக்குப் பதில் விளையாட்டு டி-ஷர்ட், மேலே காற்றுப் புகாத மெல்லிய கோட்டு ஒன்று போதும். காதுக்கு மப்ளர் பட்டை போடலாம். குரங்குக் குல்லா வேண்டாம். பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்காது, தலையைத் திருப்பினால் கண்ணை மறைக்கும்.

மழைக்குத் தொடை வரை வரும் கோட்டும் தனிப் பேன்ட்டும் நல்லது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பைக் ரெயின்கோட்டு செயினில் மாட்டும். மழைக்கோட்டுக்குள் முனை நீண்ட தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால் கண்ணாடி அணிகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள். ஷூவைக் கம்பெனியிலேயே வைத்துவிடலாம். சுடிதாரில் வருகிறவர்கள் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சிட்டு, அதன்மேல் கோட்டை மாட்டுங்கள். நனைந்த துப்பட்டா கனமாகித் தொங்கும், பின்சக்கரம் இழுத்தால் கழுத்தில் இறுக்கும். சேலை கார்டு இல்லாத சைக்கிளில் அதை மாட்டாமல் கிளம்பாதீர்கள்.

மாற்று உடை, போன், டிபன் மூன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பையில், வாய் மடித்து, பைக்குள். துண்டு ஒன்று வெளியே எளிதில் எடுக்கும்படி இருக்கட்டும்.

வழியில்

ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். கொட்டித் தீர்த்துவிட்டு அரை மணி, ஒரு மணியில் அடங்குவதுதான் அதிகம். எனவே காத்திருப்பதுதான் நல்ல மழைக்கோட்டு. இடி இடிக்கும்போது புளியமரத்தடியிலோ தென்னந்தோப்பிலோ ஒதுங்காதீர்கள். உயரமான தென்னையில் மின்னல் விழுவது வழக்கம். கட்டடத்துக்குள் போய் நில்லுங்கள்.

கோவையில் லங்கா கார்னர், அவிநாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் அடி போன்ற சுரங்கப் பாதைகளில் தண்ணீர் தேங்கும். அடி தெரியாத தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள். மூடியில்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மழைக்கென்று ஒரு மாற்றுப் பாதையை வெயில் நாளிலேயே ஓட்டிப் பார்த்து வையுங்கள். நீளமான மேம்பாலங்களில் சைக்கிளோடு ஏற வேண்டாம், பக்கக் காற்றில் ஒதுங்க இடமிருக்காது. முதல் மழையில் பஸ் ஸ்டாண்டு வாசல், பெட்ரோல் பங்க், சிக்னல் நிறுத்தக் கோடு ஆகிய இடங்களில் டீசல் பிசுக்கு மேலே மிதக்கும். சாலையின் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றும் ஈரத்தில் வழுக்கும். தண்டவாளத்தை நேர்க்குறுக்காகவே கடக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், ஆடிக்காற்றுக்கு நேர் எதிர். சூலூர், அவிநாசிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் எதிர்க்காற்று. விடியலில் அடங்கியிருந்து வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும், அதனால் சீக்கிரம் கிளம்பினால் மிதிப்பது சுலபம். ஆனால் திருச்சி சாலையில் கிழக்கே போகிறவர்களுக்கு 7 மணியிலிருந்து முக்கால் மணி நேரம் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அதே கூச்சம்தான். பகல் வந்துவிட்டதே என்று பின் விளக்கை அணைக்காதீர்கள்.

மார்கழியில் ஐந்தரை மணிக்குத் தெருவில் குனிந்து கோலம் போடுகிறவர்கள் இருப்பார்கள். இருட்டில் முதலில் கண்ணில் படுவது கோலமாவு டப்பாதான், ஆள் அதற்குப் பிறகு. தெருவில் நடந்து போகும் வேகத்தில் ஓட்டுங்கள். ஆனைமலை, கோபி, சத்தி பக்கம் வாய்க்கால் ஓரச் சாலைகளில் பனி அடர்ந்தால், அடுத்த மின்கம்பம் தெரியாத நிலையில் கிளம்பவே வேண்டாம். வெயில் வரக் கலையும். அங்கே கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின் விளக்கு இல்லாமல் நிற்கும், கரும்பு நுனி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். சபரிமலை வேன்கள் இரவெல்லாம் ஓடித் தூக்கக் கலக்கத்தோடு வரும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் போகும் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் சாலை ஓரம் முழுவதும் நடக்கும். தூரத்திலிருந்தே மணியடித்து, விலகிப் போங்கள்.

கிராமத்துத் தார் ரோட்டில் கொள்ளும் சோளமும் அடிக்கப் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். காய்ந்த கொள்ளுக்கொடி ஃப்ரீவீலுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றிவிட்டால் முன்னால் மிதிக்காதீர்கள், இன்னும் இறுகும். கியர் சைக்கிளில் பின் கியர் கையே வளைந்துவிடும். சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, பிளேடால் அறுத்து எடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

நனைந்து வந்த அன்று ஐந்து நிமிஷ வேலை இருக்கிறது. மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பு அடித்தால் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போய்விடும். ரிம்மையும் செயினையும் துடைத்து எண்ணெய் விடுங்கள். சீட் மேல் பிளாஸ்டிக் உறை போடுங்கள். சீட் தண்டு வழியாகச் சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், தண்டைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வடித்துவிடுங்கள்.

சக்கர அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போக நேர்ந்தால், அந்த வாரமே ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும். கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். சாதா ஹப்பில் பொதுவாக முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 3/16 அங்குலப் பால்ரஸ் (இரும்புக் குண்டு) 10, பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு கால் அங்குலப் பால்ரஸ் 9 இருக்கும். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். புதிதையும் பழையதையும் கலந்து போட்டால், தேயாத குண்டுகள் மட்டும் பாரம் தாங்கிக் கோனில் குழி விழும். கோனைக் கையால் ஆட்டம் தீரும்வரை இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டை முறுக்குங்கள். சக்கரத்தைத் தூக்கி விட்டால் வால்வின் பாரத்துக்கே தானாகச் சுற்றி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும்.